யாரைத் திட்டுவது

கெயோன் துறைமுகம். ஏப்ரல். மழை.
ஒரு துளிக் கடலைக் கண்ணாடிச் சில்லில் விட்டு
மேலே இன்னொரு சில்லால் மூடுகிறேன்.
அதற்குள் மட்டும் இனி மழை இல்லை.

அயோடின் ஊற்றுமுன் ஐந்து நிமிடம்
உயிரோடு ஓடட்டும் என்று விடுவேன்.
விதிமுறையில் இல்லாத ஐந்து நிமிடம்.
ஓடுகிற விதத்தில்தானே பாதி அடையாளம்.

உடம்பெல்லாம் பிசிர் துடிக்க
உருண்டுகொண்டே போகிறது ஒன்று.
முட்டினால் பின்வாங்கி, கோணம் மாற்றி
மறுபடி முட்டுகிறது,
கடன் கேட்க வந்தவன் மாதிரி.
அடியில் ஒரு அமீபா. காலே கிடையாது.
போகவேண்டிய பக்கம்
உடம்பையே காலாக ஊற்றிக்கொள்கிறது.
வடிவம் எழுதும் கட்டத்தில்
அதற்கு நான் ஒன்றும் எழுதுவதில்லை.

டயாட்டம் நீந்தாது.
மணலைக் கரைத்துக் கட்டிய பெட்டி,
மேல்மூடி, கீழ்மூடி,
உள்ளே தேன்நிறத்தில் கொஞ்சம் வெயில்.
சோற்றுக்கு அலைய வேண்டாதவர்களுக்கு
வீடு எவ்வளவு நேர்த்தியாய் அமைந்துவிடுகிறது.

படிவத்தில் இரண்டே பத்தி:
இடப்பக்கம் தாவரம், வலப்பக்கம் விலங்கு.
தலைநகரில் யாரோ அளவுகோல் வைத்துப் போட்ட கோடு.
பச்சையம் இருந்தால் இந்தப் பக்கம்,
வாய் இருந்தால் அந்தப் பக்கம்.

வால்திவியாவில் படித்தபோது
யூக்ளினாவை இருட்டில் வைத்துப் பார்த்தோம்.
பச்சை வெளுத்தது. சாகவில்லை.
கரைந்து கிடந்ததை உறிஞ்சிப் பிழைத்தது.
ஜன்னலோரம் கொண்டுவந்ததும்
ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி பச்சை.
தாவரவியல்காரர் அதைத் தன் அலமாரியில் பூட்டினார்.
விலங்கியல்காரரிடம் இன்னொரு சாவி இருந்தது.

கதவு தட்டும் சத்தம்.
ஒனோஃப்ரே. பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.
சிப்பி அறுவடைக்குத் தடை, மூன்றாவது வாரம்.
பன்னிரண்டு கயிறு கனத்துத் தொங்குகிறது, விற்க முடியாது.
‘எதுவினா, ஒன்று மட்டும் சொல்.
அது செடியா, ஐந்துவா?
செடிக்கு ஒரு வசவு வைத்திருக்கிறேன்,
ஐந்துவுக்கு வேறு.
மாற்றித் திட்டினால் பலிக்காது.’

லென்ஸடியில் அதைத் தேடிப் பிடித்தேன்.
இடுப்பைச் சுற்றி ஒரு கசையிழை,
பின்னால் தொங்க ஒன்று,
தட்டுத்தட்டாய்க் கவசம்,
நாலும் எட்டுமாய்க் கைகோத்துச்
சங்கிலியாய் நீந்துகிறது.
வெயிலையும் தின்னும்,
பக்கத்தில் போகிறவனையும் தின்னும்.
செந்நீர் என்கிறார்கள் இங்கே எல்லோரும்.
பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட
கடல் சிவந்து நான் பார்த்ததில்லை.

ஒனோஃப்ரே குனிந்தார்.
மூடவேண்டிய கண்ணைத் திறந்து
திறக்கவேண்டிய கண்ணை மூடினார்.
திருத்தினேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
‘என் மிதவைகள் மாதிரியே இருக்கிறது’ என்றார்,
‘கயிற்றில் வரிசையாய்.’
பிறகு கோபமாக:
‘எவன் கட்டினான் இதை?’

சிப்பிக்கு இந்த வழக்கெல்லாம் இல்லை.
வந்ததை எல்லாம் வடித்துக் குடிக்கிறது.
அதற்கு ஒன்றும் ஆவதில்லை.
அதைத் தின்றவனுக்குத்தான்
முதலில் உதடு மரத்துப்போகும்,
பிறகு விரல்,
பிறகு மூச்சு.

அவர் நிற்கும்போதே அயோடின் விட்டேன்.
தேநீர் நிறம் பரவியது.
முட்டிக்கொண்டிருந்தது நின்றது,
காலாய் ஊற்றிய உடம்பு சுருண்டது,
சங்கிலி அப்படியே நின்றது, கைவிடாமல்.
ஐந்து நிமிடம் இருபதாகியிருந்தது.

கையெண்ணியை அழுத்தத் தொடங்கினேன்.
ஒனோஃப்ரேயும் கூடவே எண்ணினார், வாய்க்குள்.
நூற்றுப்பத்துக்கு மேல் அவர் எண்ணவில்லை.

போன மாதம் இடப்பக்கம் எழுதினேன்.
அதற்கு முன்மாதம் வலப்பக்கம்.
இரண்டுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.
இன்று கோட்டின் மேலேயே எழுதினேன்.
எங்கே எழுதினாலும் தடை தடைதான்.

படியிறங்கும்போது அவர் திட்டியது கேட்டது.
மழையைத்தான் என்று நினைக்கிறேன்.